பதிலைத் துரத்துங்கள், எம்.பி.க்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ரயில்வே பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதோடு நிற்காமல், வந்த பதிலையும் நம் எம்.பி.க்கள் விடாமல் துரத்த வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மேசை இழுப்பறையில் இரண்டு ரயில் டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு எடுத்தவை, இரண்டாம் வகுப்பு, ஓர் ஆள். கொரோனாவுக்கு முன்னால் எடுத்ததில் 10 ரூபாய் என்று இருக்கிறது. 2022-ல் எடுத்ததில் 30 ரூபாய். தூரம் கூடவில்லை, ரயில் வேகம் பிடிக்கவும் இல்லை, வழியில் இருக்கிற சின்னச் சின்ன நிலையங்களில் எல்லாம் முன்பு போலவே நின்றுதான் போனது. பாசஞ்சர் என்று ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு எண்ணை மாற்றி, எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறியதும் எக்ஸ்பிரஸ் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அவசியமில்லாமல் மக்கள் பயணம் செய்வதைக் குறைக்கத்தான் இந்த உயர்வு என்று 2021 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சகம் விளக்கம் சொன்னது. சரி, அன்றைக்கு நோய் பரவிக்கொண்டிருந்தது, ஏற்றுக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பரில் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்பெஷல் என்ற அடைமொழியை எடுத்துவிட்டுப் பழைய கட்டணத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் பாசஞ்சர் ரயிலில் போகிறவர்களுக்கு மட்டும் 30 ரூபாய் அப்படியே நின்றது. 2024 பிப்ரவரிக் கடைசியில், மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், அது மறுபடி 10 ரூபாய் ஆனது. கீரைக்கட்டும் பூக்கூடையுமாக வாரத்துக்கு இரண்டு நாள் சந்தைக்கு ஏறி இறங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். போகவர 20 ரூபாயாக இருந்தது அவர்களுக்கு 60 ரூபாய் ஆயிற்று. வாரத்துக்கு 80 ரூபாய் கூடுதல் என்றால் அவர்கள் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை.

கட்டணம் ஏன் ஏறியது என்பதை விட, ஏற்றியது யார், அது எங்கே விவாதிக்கப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாட்டின் கோடிக்கணக்கான ஏழைப் பயணிகளின் கட்டணம் மூன்று மடங்கானது. அதற்காக எந்த அவையிலும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. சட்டப்படி நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, கட்டணம் நிர்ணயிக்கிற அதிகாரத்தை 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் மத்திய அரசிடம்தான் கொடுத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள் என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எழுத்து மூலம் பதில் வந்தது, ஆனால் அமைச்சரை நேருக்கு நேராக நிறுத்தித் துணைக் கேள்வி கேட்க முடியவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ரயில்வே பட்ஜெட் நாள் நன்றாக நினைவிருக்கும். ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, நம் பக்கம் ஏதாவது ரயில் சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். ஆங்கிலேயர் காலத்து ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924-ல் ரயில்வேயின் நிதியைத் தனியாகப் பிரித்தார்கள். 2016 பிப்ரவரி 25 அன்று அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு படித்ததுதான் கடைசி ரயில்வே பட்ஜெட், 2017-லிருந்து பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் கோளாறுகள் இருந்தன, ஒவ்வொரு அமைச்சரும் தன் மாநிலத்துக்கு ரயிலை அள்ளிக் கொடுப்பதும், காகிதத்தோடு நின்றுபோகிற திட்டங்களை அறிவித்துக் கைதட்டல் வாங்குவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஒரு நல்லது இருந்தது. கட்டணம் ஏறினால் பெரும்பாலும் அதை அவையில் எழுந்து நின்று சொல்லியாக வேண்டியிருந்தது. 2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சராக இருந்த தினேஷ் திரிவேதி கட்டண உயர்வை அறிவித்தார், அவருடைய சொந்தக் கட்சியே எதிர்த்தது, சில நாட்களில் பதவியே போனது, உயர்வின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. அவர் சொன்ன உயர்வு நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம், அது நாடே பார்க்க நடந்தது என்பதுதான் முக்கியம். 2014 ஜூனில் பட்ஜெட்டுக்கு வெளியே 14.2 சதவீதம் உயர்த்தியபோதுகூட, மூன்று வாரத்துக்குள் ரயில்வே பட்ஜெட் வந்து, அவையில் அதைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்தது.

இப்போது எப்படி நடக்கிறது? 2025 ஜூலை 1 முதல் ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசி வகுப்பில் 2 பைசா உயர்ந்தது. நாடாளுமன்றம் கூடியது ஜூலை 21. மூன்று வாரம் பொறுத்து, இன்ன காரணத்துக்காக இவ்வளவு உயர்த்துகிறோம், இதில் இவ்வளவு வருமானம் வரும் என்று அவையில் ஒரு தாளை வைத்துவிட்டுச் செய்திருந்தால் என்ன குறைந்துவிடும்? உயர்வு சின்னதுதான், நானே ஒப்புக்கொள்கிறேன். சின்ன உயர்வைச் சொல்லவே அவைக்கு வர வேண்டாம் என்று ஆகிவிட்டால் பெரிய உயர்வுக்கும் அதே வழிதான்.

பட்ஜெட்டைச் சேர்த்தபோது, ரயில்வே மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்குப் பணம் கேட்டு அமைச்சகம் வைக்கிற கோரிக்கை, எப்படியும் அவைக்கு வரும், அப்போது விவாதிக்கலாம் என்று சொன்னார்கள். வருகிறது, உண்மைதான். 2019 ஜூலை 11 அன்று மக்களவை கிட்டத்தட்ட நள்ளிரவு வரை உட்கார்ந்து ரயில்வே கோரிக்கையைப் பற்றிப் பேசியது. முதல் முறையாக எம்.பி. ஆனவர்கள் எல்லாம் தங்கள் ஊர் மேம்பாலத்தையும் நின்றுபோன ரயிலையும் பற்றிப் பேசினார்கள். பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் 2018-லும் 2023-லும் என்ன நடந்தது? எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் மக்களவையில் விவாதிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து, கில்லட்டின் என்று அவர்களே பெயர் வைத்திருக்கிற முறையில், சில நிமிடங்களில் நிறைவேற்றினார்கள். அமளி செய்த எதிர்க்கட்சிக்கும் அதில் பங்கு உண்டு, விவாதம் நடத்த அக்கறை காட்டாத ஆளும் தரப்புக்கும் பங்கு உண்டு. ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு மட்டும் 2025-26 பட்ஜெட்டில் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் பொதுப்பணம் ஒதுக்கினார்கள். எந்த அமைச்சகத்தை எடுப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் கட்சிகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயமாக இருக்கிறது, ரயில்வேக்கு மட்டுமாவது அதை நிரந்தரமாக்க வேண்டும்.

அடுத்தது கேள்வி பதில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ரயில்வே பற்றிய நாடாளுமன்றப் பதில்களைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மக்களவையில் ரயில்வேக்கு உரிய நாள் புதன்கிழமை. ஒரு நாளைக்கு, அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்துப் பதில் மட்டும் வருகிற கேள்விகள் 230, அதுவும் குலுக்கலில் வந்தால்தான். அந்த 20-ல் வாய்மொழியாகப் பதில் கிடைப்பது நாலைந்துக்குத்தான். துணைக் கேள்வி அங்கே மட்டும்தான் கேட்க முடியும். ஆக, நம் எம்.பி.க்கள் கேட்பதில் பெரும்பாலானவை எழுத்துப் பதிலோடு முடிந்துவிடுகின்றன.

அந்த எழுத்துப் பதில்களைப் பத்து படித்தால் பதினோராவதை நீங்களே எழுதிவிடலாம். எங்கள் ஊரில் இந்த ரயில் நிற்குமா என்று கேட்டால், நிறுத்தம் தருவது தொடர்ந்து நடந்துவரும் நடைமுறை, இயக்கச் சாத்தியம், பயணிகள் வரத்து, வளங்கள் இவற்றைப் பொறுத்தது என்று வரும். இந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், ரயில் பாதை மாநில எல்லை தாண்டி ஓடுவதால் திட்டங்கள் மண்டலவாரியாகத்தான் எடுக்கப்படுகின்றன, மாநிலவாரியாக இல்லை என்ற வரியோடு பதில் தொடங்கும். ஆனால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அமைச்சர் செய்தியாளர்களிடம் தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி என்று மாநிலவாரியாகவே சொன்னார், 2009 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சராசரி 879 கோடிதான் என்று ஒப்பிட்டும் காட்டினார். தொகை கூடியிருப்பது சந்தோஷம்தான். எந்தப் பாதைக்கு எவ்வளவு, போன ஆண்டு கொடுத்ததில் எவ்வளவு செலவானது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று ரயில்வே பட்டியல் போடுகிற பிங்க் புக் என்கிற அந்தத் தடித்த புத்தகத்தில் தமிழ்நாட்டுப் புதிய பாதைகள் சிலவற்றுக்கு, சில ஆண்டுகளில், வெறும் 1,000 ரூபாய் என்று போட்டிருந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திட்டம் சாகவில்லை என்று காட்ட ஆயிரம் ரூபாய். திண்டிவனம் திருவண்ணாமலைப் பாதைக்குக் காத்திருந்து காத்திருந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கேட்டால் நிலம் எடுத்துக் கொடுக்கவில்லை என்று ரயில்வே மாநில அரசைக் காட்டும், பணம் ஒதுக்கவில்லை என்று மாநில அரசு ரயில்வேயைக் காட்டும். இரண்டு தரப்பு அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கோப்பைத் திறக்கச் சொல்கிற அதிகாரம் நாடாளுமன்றக் குழுவுக்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. அமைச்சர் அவையில் பரிசீலனையில் இருக்கிறது, பார்க்கிறேன், விவரம் திரட்டுகிறோம் என்று சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்றினாரா என்று பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. தொடர்ந்து நடந்துவரும் நடைமுறை என்று எழுதினால் அது உறுதிமொழி ஆகாது. அந்தச் சொற்றொடர் ஏன் அத்தனை பதில்களில் வருகிறது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆகவே எம்.பி.க்கள் கேள்வியை எழுதும்போதே, ஆம் அல்லது இல்லை என்றும், தேதி, தொகை என்றும் பதில் வருகிற மாதிரி எழுத வேண்டும். நிறுத்தம் வருமா என்று கேட்காமல், இந்த நிலையத்தில் கடந்த மூன்று ஆண்டில் எத்தனை டிக்கெட் விற்றது, நிறுத்தம் தர உங்கள் விதிப்படி எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எண் கைக்கு வந்துவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

முதியோர் சலுகை இதற்கு நல்ல உதாரணம். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு 67 வயது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகையை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினருக்கும், நோயாளிகள், மாணவர்கள் சிலருக்கும் சலுகை தொடர்கிறது, நல்லது. முதியவர்களுக்கு வரவே இல்லை. ராதா மோகன் சிங் தலைமையில் இருந்த, ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2022 ஆகஸ்டில், ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலுமாவது இதைத் திரும்பத் தரப் பரிசீலியுங்கள் என்று எழுதியது. அந்தத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். 31 பேர் கொண்ட அந்தக் குழுவில் பல கட்சியினரும் உண்டு. எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள் என்றால் அதற்கு ஒரு கனம் இருக்க வேண்டும் இல்லையா?

அவையில் வந்துகொண்டே இருக்கிற பதில் இது: எல்லாப் பயணிகளுக்கும் ஏற்கெனவே சராசரியாக இத்தனை சதவீதம் மானியம் தருகிறோம். 2019-20-க்கு 59,837 கோடி, 53 சதவீதம் என்றார்கள். 2022-23-க்கு 56,993 கோடி, 46 சதவீதம் என்றார்கள். என் கையில் இருக்கிற முன்பதிவு டிக்கெட்டின் அடியிலோ, பயணச் செலவில் 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ராஜதானி ஏசியில் போகிறவரையும், 10 ரூபாய் டிக்கெட்டில் போகிறவரையும், ஸ்லீப்பரில் கண் ஆபரேஷனுக்குப் போகிற கிழவியையும் ஒரே சராசரியில் போட்டால் யாருக்கு எவ்வளவு மானியம் என்று எப்படித் தெரியும்? வகுப்பு வாரியாக வரவையும் செலவையும் வாங்கி, அந்தக் குழு அவையில் வைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் சலுகைக்கு உண்மையிலேயே பணம் இல்லை என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

குழுவின் வேலை எங்கே தடைபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழு பரிந்துரை செய்யும், மூன்று மாதத்தில் அரசு பதில் எழுத வேண்டும், அந்தப் பதில் பிடிக்கவில்லை என்றால் குழு மறுபடி வலியுறுத்தி இன்னோர் அறிக்கை வைக்கும். அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் அவையில் ஒருவரும் அந்த அறிக்கையைக் கையில் எடுப்பதில்லை, பத்திரிகையில் ஒரு நாள் செய்தி வரும், பிறகு அடுத்த ஆண்டு அதே பரிந்துரை, அதே பதில்.

அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கைக்கும் இதே கதிதான். அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ரயில்கள் தடம் புரள்வதைப் பற்றி சிஏஜி எழுதிய அறிக்கை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2017-18 முதல் நான்கு ஆண்டுகளில் நடந்த 217 பெரிய விபத்துகளில் 163 தடம் புரண்டவை. தண்டவாளத்தைச் சோதிக்கும் வண்டிகளைக் கொண்டு செய்ய வேண்டிய சோதனைகள் பல இடங்களில் குறைவாகவே செய்யப்பட்டிருந்தன. பாதுகாப்புக்கென்று 2017-18-ல் ஒரு லட்சம் கோடியில் ஒரு நிதியம் தொடங்கினார்கள், அதற்கு ரயில்வே தன் சொந்த வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி போட வேண்டும். நான்கு ஆண்டில் போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடவே இல்லை என்று அந்த அறிக்கை சொன்னது. ஐந்தில் நான்கு பங்கு வரவில்லை! வந்த பணத்திலும் ஒரு பகுதி பாதங்களைப் பிடித்துவிடும் கருவி, பாத்திரம் பண்டம் என்று போயிருந்ததை எடுத்துக்காட்டியது.

இப்படிப்பட்ட அறிக்கை வந்த பிறகு அவையில் அதற்காக முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டாமா? ஆறு மாதம் போனது. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில், நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதி, 290-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சிஏஜி சொன்ன தண்டவாளக் குறைதான் அந்த விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. லெவல் கிராசிங் கேட் வேலையின்போது சிக்னல் சர்க்யூட்டில் நடந்த தவறு என்று அந்த ஜூலையில் மாநிலங்களவையில் எழுத்து மூலம் பதில் வந்தது. கேள்வி கேட்டதால்தான் அந்தப் பதில் வந்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ரயில் பாதுகாப்பு ஆணையர் தன் விசாரணையில் இன்னொன்றும் சொன்னார். 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் வேறொரு நிலையத்தில் ஒயரிங் தவறால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, அப்போதே சரி செய்திருந்தால் பாலசோர் விபத்து நடந்திருக்காது என்றார். எச்சரிக்கை வந்தது, யாரும் அதைத் துரத்திப் போகவில்லை. நான் இத்தனை பக்கம் எழுதுவதே இதற்காகத்தான்.

எந்த ரயில் விபத்து நடந்தாலும், அன்று ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்று எல்லோரும் எழுதுவார்கள். 1956 நவம்பரில் அரியலூர்ப் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தபோது நடந்தது அது. அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியே அந்த ஆற்றைப் பார்ப்பேன், கோடையில் மணல்தான் இருக்கும், இதுவா இத்தனை பேரைக் கொண்டுபோனது என்று தோன்றும். அமைச்சர் பதவி விலகினால் எனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அவர் இருக்கட்டும், இருந்து பதில் சொல்லட்டும்.

கணக்கைப் பற்றியும் ஒன்று. 2019-20-ல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 36 காசு செலவானதாக ரயில்வே காட்டியது. ஓய்வூதியச் செலவை முழுசாகச் சேர்த்திருந்தால் அது 114 ரூபாய் 35 காசு என்று சிஏஜி கணக்குப் போட்டுச் சொன்னது. பயணிகள் பிரிவின் நஷ்டத்தைச் சரக்கு வருமானத்தைக் கொண்டுதான் அடைக்கிறார்கள். நிலக்கரிக்குச் சரக்குக் கட்டணம் கூடினால் அது சுற்றி வந்து நம் கரண்ட் பில்லில் ஏறும். அதனால் ரயிலில் ஏறாதவர்களுக்கும் இந்த விவாதம் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையிலும் 18 பேர் மாநிலங்களவையிலும் இருக்கிறார்கள். புதிய ரயில் கொடியசைப்பில் படம் எடுத்துக்கொள்வது தவறில்லை, செய்யுங்கள். ஆனால் கட்சி பார்க்காமல் உங்களில் ஐந்தாறு பேர் ரயில்வேயைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் நிலைக்குழு அறிக்கையில் அரசு நிராகரித்த பரிந்துரைகளை மட்டும் பார்க்கட்டும். ஒருவர் சிஏஜி அறிக்கையை எடுக்கட்டும். ஒருவர் பிங்க் புக்கில் தமிழ்நாட்டுப் பாதைகளின் வரியை ஆண்டுதோறும் பழையதோடு ஒப்பிடட்டும். கட்டணம் மாறினால் அதன் காரணமும் கணக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் அவையில் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவாருங்கள். அது நிறைவேறாது என்று எனக்கும் தெரியும், அதைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விவாதம் நடந்தாலே போதும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் புதன்கிழமை பதில்களில் தமிழ்நாட்டு ரயில்களைப் பற்றியவற்றை மறுநாள் ஒரு பத்தியில் போடுங்கள், கேட்டவர் பெயர், தொகுதி, கேள்வி, பதில், அவ்வளவு போதும். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி எடுத்து, என்ன ஆயிற்று என்று போடுங்கள்.

எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இதையே எழுதியிருக்கிறேன். அந்த 10 ரூபாய், 30 ரூபாய் டிக்கெட்டுகளின் நகலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடும் இணைத்திருக்கிறேன். எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது, அச்சில் தெளிவாக வராவிட்டால் சொல்லுங்கள், அசலையே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
டெல்டா மாவட்டம்